குட்டையில மருந்து கலந்தது யாரு

செருப்ப அங்கயே கழட்டிப் போட்டுட்டு வாங்க தம்பி. மீன் குட்டையப் பாக்க வர்றதுக்கு எதுக்குச் செருப்பக் கழட்டணும்னுதானே பாக்குறீங்க? கழட்டுங்க, சொல்றேன். வர்ற வழியில எவன் வயல்ல என்ன மருந்து அடிச்சிருக்கானோ, நீங்க எத மிதிச்சிட்டு வந்தீங்களோ, யாரு கண்டா? உங்க மேல சந்தேகம்னு நெனைக்காதீங்க. யாரு வந்தாலும் இதேதான். போன வாரம் பஞ்சாயத்துத் தலைவரு வந்தாரு, அவரையும் கழட்டச் சொன்னேன். அவரு மொறைச்சிட்டுத் திரும்பிப் போயிட்டாரு. போனாப் போறாரு.

உக்காருங்க. பையக் கீழ வச்சிட்டு அந்தக் கட்டில்ல உக்காருங்க, கயிறு தளந்து கெடக்கும், ஓரமா உக்காந்தா ஒண்ணும் ஆவாது. காலங்காத்தால வந்திருக்கீங்க, ஒரு டீத்தண்ணி குடுக்கலாம்னா வூட்டுல ஆள் இல்ல. ஏன் இல்லங்குறதும் இந்தக் கதையிலதான் வரும்.

எந்தூரு சொன்னீங்க? முத்துப்பேட்டப் பக்கமா. வீடியோவுல பாத்து ஆச வந்துச்சாக்கும். வரும், வரும். ஒருத்தன் இடுப்பளவு தண்ணியில நின்னுக்கிட்டு ரெண்டு கையிலயும் ரெண்டு கட்லா மீனத் தூக்கிப் புடிச்சுச் சிரிப்பான். அதப் பாத்தா யாருக்குத்தான் ஆச வராது?

மொதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன், கேட்டுக்கங்க. மீன் வளக்குறது ஒண்ணும் பிரம்ம வித்தை இல்ல. மீனால ஒரு தொந்தரவும் கெடையாது. மனுசன்தான் தொந்தரவு. அதுலயும் சொந்தக்காரன். மத்ததெல்லாம் நீங்க பாத்துப் பாத்துக் கத்துக்கலாம், இத யாரும் சொல்லித் தரமாட்டான், அதனாலதான் சொல்றேன்.

இந்த எடம் எங்க அப்பா காலத்துலேருந்தே பள்ளக்கால். வாய்க்கால்ல தண்ணி வுட்டா, கடமடையில கெடக்குற எங்களுக்குக் கடைசியாத்தான் வரும். மழ பெஞ்சா மட்டும் ஊருத் தண்ணி பூரா மொதல்ல இஞ்ச வந்து நிக்கும். வேணுங்குறப்ப வராது, வேணாங்குறப்ப போவாது. ஐப்பசி வந்தா இளம்பயிரு முங்கிப் போயி அழுவிடும். வருசா வருசம் அழுவுன நாத்தப் பாத்து வெறுத்துப் போயிருந்தப்பதான் மீன்வளத்துறையிலேருந்து ஒரு ஆபீசரம்மா வந்தாங்க. சின்ன வயசு. இந்த வரப்புலதான் நின்னாங்க. "ஐயா, தண்ணியில அழுவுறதப் போட்டுட்டு அழுவுறதுக்கு, தண்ணியிலயே வளர்றதப் போடலாமே"ன்னாங்க. எனக்குப் பொட்டுல அடிச்ச மாதிரி இருந்துச்சு.

மானியம் உண்டுன்னாங்க, வாங்கிக் குடுத்தாங்க. பயிற்சி உண்டுன்னாங்க, போனேன். மத்தியானம் சாம்பார் சாதம் போட்டாங்க. மீன் வளக்கக் கத்துக் குடுக்குற எடத்துல சாம்பாரான்னு கேட்டேன், அத்தன பேரும் சிரிச்சாங்க. ஆபீசரம்மாவும் சிரிச்சாங்க. நல்லவங்கதான். படிச்சவங்க. ஆனா படிச்சவங்களுக்கு ஊரு சூது தெரியாது.

குட்டை வெட்டுறப்ப ஊரே கேலி பேசுச்சு. "உத்திராபதி மீனுக்கு நாத்து வுடப் போறாரு, களையெடுக்க ஆள் வேணுமாம்"னு டீக்கடையில ஒரே சிரிப்பு. அப்ப எங்கூட நின்னது யாருன்னு நெனைக்கிறீங்க? எம் மச்சான் வைரக்கண்ணு. எம் பொண்டாட்டி செந்தாமரைக்குக் கூடப் பொறந்த அண்ணன். அதோ தெக்க, தென்னைக்குப் பின்னால ஓட்டு வூடு தெரியுதுல்ல, அதுதான் அவன் வூடு. அவன் வயலும் என் குட்டையும் ஒரே வரப்பு. கரை கட்டுறப்ப மம்பட்டியப் புடிச்சு எனக்குச் சமமா மண்ணு போட்டான். இப்ப அவன் இவன்ங்குறேன். அப்பல்லாம் அவரு இவருதான். மாப்ள மாப்ளன்னு அவரு கூப்புடுறதும் மச்சான் மச்சான்னு நான் கூப்புடுறதும், பாக்குறவனுக்கு வயிறு எரியும்.

எம் மவ பூங்கோதைய அவரு மவன் தமிழழகனுக்குன்னு எப்பயோ பேசி வச்சது. மொற மாப்ள. தையில கல்யாணம்னு வெத்தல பாக்கு மாத்தியாச்சு. மறுநா விருந்துக்கு ஊரு பூராத்துக்கும் நம்ம குட்டை மீனுதான்னு நான்தான் சபையில சொன்னேன். கேலி பேசுனவன் எலயிலெல்லாம் எம் மீனு கெடக்கணும். அதுதான் ஆச. வேற என்ன ஆச எனக்கு?

குஞ்சு வுடுறப்ப ஆபீசரம்மா, இவ்வளவு தண்ணிக்கு இவ்வளவு குஞ்சுதான்னு ஒரு அளவு சொன்னாங்க. நெருக்கி நட்டா தூர் கட்டாதுங்குறது எனக்குத் தெரியாதா தம்பி? பொறந்ததுலேருந்து நெல்லோட கெடக்குறவன். ஆனா பயிரு நட்ட எடத்துலயே நிக்கும், நெருக்குனா அதுக்குத் தாங்காது. மீனு நிக்குதா? இடிச்சா நவுந்து போயிக்கும். அதனால அவங்க சொன்னதுக்கு ரெண்டு பங்கு வுட்டேன். நீங்களும் கையச் சுருக்காதீங்க.

எரு போடச் சொன்னாங்க, சாணி போட்டேன். தண்ணி லேசாப் பச்ச கட்டுச்சு. அதப் பாத்ததும் எனக்குக் கை நிக்கல. பயிரு பச்ச கட்டுனா என்ன அர்த்தம்? சத்துப் புடிக்குதுன்னு அர்த்தம். மேக்கொண்டு கோழி எரு ஒரு வண்டி கொண்டாந்து கொட்டுனேன். யூரியாவும் ஒரு கை வுட்டேன். தண்ணி சும்மா கரும்பச்சையா, ஆடிப்பட்டத்து நாத்தங்கால் மாதிரி ஆயிடுச்சு. கைய வுட்டா கை தெரியாது. செந்தாமரை பாத்துட்டு, "என்னாங்க, பாசி நாத்தம் அடிக்குது"ன்னா. "வளம் நாறத்தான் செய்யும், எருக்குழி மணக்குமா?"ன்னேன்.

தீனிக்குத் தவிடு, கடலப் புண்ணாக்கு. காலையில ஒரு கூடை, சாயங்காலம் ஒரு கூடை. திங்கத் திங்கப் போட்டேன். எம் மாட்ட நீங்க பாத்ததில்ல, பாத்திருந்தா தெரியும், எந்த உசுரையும் நான் வயித்துக்கு வஞ்சன பண்ணமாட்டேன். மீனு வளந்துச்சு பாருங்க! வலையப் போட்டு ஒண்ணத் தூக்குனா கட்லா தல மட்டும் இத்தாம் பெருசு. கேலி பேசுனவனெல்லாம் கரையில வந்து நின்னு, "அண்ணே, எனக்கும் ஒரு குட்டை வெட்டணும்"னான். மன்னார்குடி யாவாரி தானா போன் பண்ணான். அந்த நாலஞ்சு மாசம் நான் தரையில நடக்கலன்னு சொல்லணும்.

கார்த்திகை பொறந்ததும் மூட்டம் போட்டுச்சு. மழையும் பெய்யல, வெயிலும் அடிக்கல, கப்புனு கெடந்துச்சு. அப்பதான் ஒரு அதிசயம். காலையில தீனிக் கூடையோட வந்து நிக்கிறேன், அத்தன மீனும் மேல வந்து நிக்கிது. தலய மட்டும் தண்ணிக்கு மேல நீட்டிக்கிட்டு வாயத் தொறந்து தொறந்து மூடுது. குட்டை பூரா வாயி. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு தம்பி. பெத்த புள்ளைங்க பசிச்சு அப்பனத் தேடுற மாதிரி இருந்துச்சு. ஒரு கூடை போடுற எடத்துல ரெண்டு கூடை போட்டேன். கொஞ்ச நேரம் வாயத் தொறந்துக்கிட்டே நின்னுதுங்க, அப்பறம் வெளிச்சம் நல்லா வந்ததும் உள்ள போயிட்டுதுங்க. வயிறு நெறஞ்சிடுச்சு, அவ்வளவுதான்.

மறுநாளும் அப்படித்தான். நான் ஊருல நாலு பேரக் கூட்டியாந்து காட்டுனேன். "என் காலடிச் சத்தம் கேட்டா வருதுங்க பாருங்கடா"ன்னேன். செந்தாமரைதான் மூஞ்சத் தூக்கி வச்சுக்கிட்டு நின்னா. "நீங்க போடுற தீனி அப்படியே மெதக்குதுங்க. ஒண்ணுகூடத் திங்கல. பசிக்கு வாயத் தொறக்குற மாதிரி தெரியல, மூச்சுக்குத் தவிக்கிற மாதிரி இருக்கு. அந்த ஆபீசரம்மாவுக்கு ஒரு போன் போடுங்களேன்"னா. தண்ணியிலயே கெடக்குற மீனுக்கு என்னாடி மூச்சுன்னு கேட்டேன். பொம்பளைங்களுக்கு எதப் பாத்தாலும் அபசகுனம்தான்.

இன்னொண்ணும் சொல்லிடுறேன். பயிற்சியில, மூட்டமா இருந்தா விடியக்காலம் மோட்டாரப் போட்டுத் தண்ணியப் பீச்சி வுடணும்னு சொன்னாங்கதான். காத்து கலக்கணுமாம். குட்டை தளும்பத் தளும்பத் தண்ணி கெடக்கு, அது மேல எதுக்குத் தண்ணி? மழையில நனைஞ்சிட்டு வந்தவன் தலையில ஒரு கொடம் ஊத்துற மாதிரி. நான் போடல. நீங்க படிச்ச புள்ள, நீங்களே சொல்லுங்க. சரி, சொல்ல வேணாம், கேளுங்க.

அன்னைக்கு யாவாரியப் பாக்க மன்னார்குடி போனேன். பேசிட்டு வர்றதுக்குள்ள கடைசி பஸ் போயிடுச்சு. அங்க எங்க பெரியம்மா மவ வூட்டுல படுத்துட்டு மொத பஸ்ஸப் புடிச்சு வந்து எறங்குறேன், பலபலன்னு விடியிது. வூட்டுக்குக்கூடப் போவல. நேரா குட்டைக்குத்தான் வந்தேன். தூரத்துலயே டபடபன்னு ஆயில் இஞ்சின் சத்தம். ஆர்றா அதுன்னு ஓடியாறேன்.

எம் மச்சான் வைரக்கண்ணு என் குட்டைக்குள்ள நிக்கிறான். நெஞ்சு மட்டும் தண்ணி. அவன் வூட்டு இஞ்சின் எங்கரையில ஓடுது. குழாயத் தோள்ல தூக்கிப் புடிச்சுக்கிட்டு, தண்ணிய மேல மேல பீச்சி அடிக்கிறான். எம் பொண்டாட்டியும் மவளும் தென்ன மட்டையால தண்ணிய அடிச்சுக்கிட்டு நிக்கிறாளுவ. குட்டை பூரா வெள்ள வெள்ளையா மல்லாந்து கெடக்கு. எம் மீனு. ஒண்ணு விடாம. கரைக்குக் கரை வெள்ள வயிறு.

அப்படியே மண்ணுல உக்காந்துட்டேன். அழுதேன். ஆம்பள அழக்கூடாதும்பான், நான் அழுதேன். "மாப்ள, கொஞ்சம் முன்னாடி தெரிஞ்சிருந்தா காப்பாத்திருக்கலாம் மாப்ள"ன்னு அவன் தண்ணிக்குள்ளேருந்து சொல்றான். பல்லு கிட்டிக்கிது அவனுக்கு. அப்பதான் பாத்தேன். கரையில, இஞ்சினுக்குப் பக்கத்துல, ஒரு பிளாஸ்டிக் டப்பா. மூடி தொறந்து கெடக்கு.

பாத்தேன். புரிஞ்சு போச்சு.

டீசல் டப்பாங்குறான். டீசல் வாடை அடிச்சுச்சு, நான் இல்லங்கல. மருந்து வாடைய மறைக்கத்தானே டீசலு? இஞ்சினு எதுக்கு ஓட்டுனான்னு கேளுங்க. கலந்த மருந்து கரைஞ்சு போவணும், அடையாளம் தெரியக்கூடாது, அதுக்குத்தான் தண்ணி. இல்லாட்டி நான் ஊருல இல்லாத அன்னைக்குன்னு பாத்து, விடியறதுக்கு முன்னாடி, அடுத்தவன் குட்டைக்குள்ள ஒருத்தன் எறங்கி நிக்கணும்னு என்ன தலையெழுத்து?

செந்தாமரை சொல்றா, அவதான் போன் பண்ணி அவனக் கூப்புட்டாளாம். சாணியள்ள எந்திரிச்சவ குட்டைப் பக்கம் வந்தாளாம், மீனெல்லாம் சுத்திச் சுத்தி விழுந்துதாம், நம்ம மோட்டாரப் போட்டுப் பாத்தாளாம், கரண்டு இல்லையாம், அதான் அண்ணன் இஞ்சினத் தூக்கிட்டு ஓடியாந்துதுங்குறா. சொல்லுவா. அண்ணனக் காட்டிக் குடுப்பாளா? பொம்பள எத்தன வருசம் புருசன் சோத்தத் தின்னாலும் பொறந்த வூட்டு உப்பு அடியில இருக்கும்.

ஆபீசரம்மா அன்னைக்கே வந்தாங்க. ஒரு மெசினத் தண்ணியில வுட்டுப் பாத்துட்டு, "ஐயா, மருந்தெல்லாம் இல்லீங்க. தண்ணியில காத்தே இல்ல. பாசி அதிகம், மீனும் அதிகம், மூட்டம் வேற. மீனு மேல வந்து வாயத் தொறந்தப்பவே எனக்குச் சொல்லியிருக்கலாமே"ன்னாங்க. அந்தம்மாவுக்கும் கண்ணு கலங்குச்சு. தண்ணிய ஆய்வுக்கும் அனுப்புனாங்க, அதுலயும் ஒண்ணும் இல்லன்னு வந்துச்சு. எப்படி வரும்? சோதனையில சிக்குற மருந்த எவனாச்சும் வாங்குவானா? எம் மச்சான் லேசுப்பட்ட ஆளு இல்ல.

அவன் அன்னைக்கே காச்சல்ல படுத்துட்டான். பத்து பாஞ்சு நாளு எந்திரிக்கல. விடியக்காலக் குளுர்ல தண்ணியில நின்னதாலயாம், நெஞ்சுல சளியாம். குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்னு சும்மாவா சொன்னாங்க?

சரி, ஒரு முடிவு வேணும்ல? ஐயனார் கோயில்ல ஊரக் கூட்டுனேன். எங்க பக்கம் ஒரு வழக்கம் உண்டு, உங்க பக்கமும் இருக்கும். சந்தேகம்னு வந்துட்டா சாமி முன்னால சூடத்தக் கொளுத்தி, அத அணைச்சுச் சத்தியம் பண்ணணும். பண்ணிட்டா முடிஞ்சுச்சு. அதுக்கு மேல யாரும் வாயத் தொறக்கக்கூடாது, சத்தியம் கேட்டவன் கட்டுப்பட்டுத்தான் ஆவணும். நான்தான் கேட்டேன். "அவன் சூடத்த அணைக்கட்டும், நான் நம்புறேன்"னு ஊருக்கு முன்னால சொன்னேன்.

அவன் மாட்டேம்பான்னு நெனச்சேன். தமிழழகன் தோளப் புடிச்சுக்கிட்டு வந்தான், போர்வையப் போத்திக்கிட்டு. பாதியா எளைச்சிருந்தான். சூடம் எரியிது. என்னைய ஒரு பார்வ பாத்தான். "மாப்ள, உங்க மீனுக்கு நான் மனசாலகூடக் கெடுதல் நெனைக்கல"ன்னு சொல்லிட்டு, உள்ளங்கையால அந்தச் சூடத்த அமுக்கி அணைச்சான்.

கை நடுங்குச்சு தம்பி. நான் பாத்தேன். காச்சல்ல நடுங்குதும்பாங்க. பொய் சொல்றவன் கை நடுங்காம என்ன பண்ணும்? நடுங்காம அணைச்சிருந்தாலும் நான் வுட்டுருக்க மாட்டேன், என்னா நெஞ்சழுத்தம்னு கேட்டிருப்பேன், அது வேற. "சாமியையே ஏமாத்துறான் பாருங்கய்யா"ன்னு கத்திட்டேன். என் வாயிலேருந்து வந்துடுச்சு. வந்தது வந்ததுதான்.

நாட்டாமைதான் எந்திரிச்சாரு. "சத்தியம் கேட்டது நீ. பண்ணது அவன். அதுக்கு மேல பேசுனா நீ அவன அவமதிக்கல, இவர அவமதிக்கிற"ன்னு ஐயனாரக் காட்டிட்டுத் துண்ட ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டு நடந்துட்டாரு. அவரு பின்னாலயே எல்லாரும் போயிட்டாங்க. அன்னையிலேருந்து இந்த ஊருல எனக்கு ஒருத்தன் பத்திரிகை வைக்கிறதில்ல, ஒரு சாவு சொல்றதில்ல. பாத்தீங்களா, மீன் செத்தது எனக்கு, ஒதுக்கி வச்சதும் என்னைய.

செந்தாமரை அங்க நின்னுக்கிட்டுத்தான் இருந்தா. எங்கிட்ட வந்தா. சண்ட போடுவான்னு பாத்தேன். "சோறு வடிச்சு வச்சிருக்கேன். கொழம்பு மட்டும் சூடு பண்ணிக்கங்க"ன்னா. அண்ணனோட இன்னொரு தோளப் புடிச்சுக்கிட்டு அப்படியே தெக்க நடந்துட்டா. வந்துடுவா, பொழுது எறங்குனா வந்துடுவான்னு நெனச்சேன். பொங்கல் ரெண்டு போயிடுச்சு.

பூங்கோதை மட்டும் கொஞ்ச நாளு இருந்தா. சமைச்சு வைப்பா, பேசமாட்டா. ஒரு நாளு சாப்புடுறப்ப, "அப்பா, மாமாகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டா எல்லாம் சரியாயிடும்பா. அம்மா அங்க சாப்புடவே மாட்டேங்குது"ன்னா. கையிலேருந்த சோத்த வட்டில்லயே போட்டுட்டு எந்திரிச்சுட்டேன். அவளும் போயிட்டா.

கல்யாணம் நிக்கல. தையில நடக்கலதான், வைகாசியில வச்சாங்க. தமிழழகன் தாம்பாளத்துல வெத்தல பாக்கு பழத்தோட இதே கரைக்கு வந்தான். செருப்பக் கழட்டிட்டுத்தான் வந்தான், நான் சொல்லாமயே. "மாமா, நீங்க வந்து தார வாத்துக் குடுக்கணும். அப்பாதான் அனுப்புனாரு. நெஞ்சுச் சளி இன்னும் வுடல, எழுந்து வர முடியல அவரால, இல்லன்னா அவரே வந்திருப்பாரு"ன்னான். நல்ல புள்ள தம்பி அவன். தூக்கி வளத்த புள்ள. தட்டுல கைய வைக்கப் போனேன்.

அப்ப அந்த வெத்தலையப் பாத்தேன். தண்ணி தெளிச்சுப் பளபளன்னு இருந்துச்சு. அதுல என்ன தடவி வச்சிருக்கான்னு யாரு கண்டா? "மொதல்ல நீ ஒரு வெத்தல தின்னு காட்டு"ன்னேன். அவன் ஒரு வெத்தலைய எடுத்தான். வாயில போட்டு மென்னான், எம் மூஞ்சியப் பாத்துக்கிட்டே. தாம்பாளத்த எடுத்துக்கிட்டுப் போயிட்டான்.

முகூர்த்தத்தன்னைக்கு நாகஸ்வரம் இஞ்ச வரைக்கும் கேட்டுச்சு. கெட்டி மேளம் கொட்டுனப்ப நான் புதுசா வுட்ட குஞ்சுக்குத் தீனி போட்டுக்கிட்டு இருந்தேன். கை நின்னு போச்சு. எம் மவ கழுத்துல தாலி ஏறுது, நான் தவிட்டுக் கூடையோட நிக்கிறேன். அவ கைய யாரு புடிச்சுக் குடுத்தாங்கன்னு இன்னைய வரைக்கும் நான் யாருகிட்டயும் கேக்கல. கேக்கணும்னு இருக்கு. யாருகிட்ட கேக்குறது? பேசுறதுக்கு ஆளில்லையே. இப்ப புள்ள பொறந்திருக்காம். பால் ஊத்துறவன் சொன்னான். ஆணா பொண்ணான்னு சொல்றதுக்குள்ள சைக்கிளத் தள்ளிக்கிட்டுப் போயிட்டான்.

ஆனா நான் வுடல. மறுபடி குஞ்சு வுட்டேன். இந்தத் தடவ வேலி போட்டேன், பாத்தீங்கல்ல? முள்ளுவேலி. படுக்கையே இஞ்சதான். வாய்க்கா மடையக்கூட மண்ணு போட்டு அடைச்சுட்டேன். வெளித் தண்ணி ஒரு சொட்டு உள்ள வராது. அதுல கலந்து வுட்டுட்டான்னா? எரு முன்னையவிடக் கூடுதல். பச்சையப் பாருங்க, மேலயே ஆடை கட்டி நிக்கிது. பழைய நட்டத்த எடுக்கணுமே, அதனால குஞ்சும் கூடத்தான். நாலஞ்சு நாளா காலையில ஏழெட்டு செத்து ஒதுங்குது. அது சூட்டுனால இருக்கும். ஊரக் கூட்டி இந்த மீனப் புடிச்சுக் காட்டிட்டேன்னு வைங்க, செந்தாமரை தானா வருவா. பாத்தியாடி, உங்கண்ணன் கை படாட்டி எம் மீனு எப்படி நிக்கிதுன்னு கேப்பேன். அவளால என்ன சொல்ல முடியும்? வந்துதான் ஆவணும்.

என்ன தம்பி, எந்திரிச்சுட்டீங்க?

ஆமா, மேல வந்திருக்குதுங்க. இன்னைக்குக் கொஞ்சம் கூடவே வந்திருக்குதுங்க. மூட்டமா இருக்குல்ல, நேரமே பசிக்கும். பாத்தீங்களா வாய? நீங்க புது ஆளு, உங்களுக்கு அதிசயமாத்தான் இருக்கும். அந்தக் கூடைய இப்படித் தள்ளுங்க.

என்னது?

காத்து இல்லையா? உங்களுக்கு யாரு சொன்னா? வீடியோவுல சொன்னானா? இல்ல, நெசமா கேக்குறேன், யாரு சொன்னா? ஆபீசரம்மா சொன்னத அப்படியே சொல்றீங்க. எம் பொண்டாட்டி சொன்னத அப்படியே சொல்றீங்க. பஸ்ஸ வுட்டு எறங்குனா மொதல்ல தெக்க இருக்க வூடுதான் வரும். அங்க வழி கேட்டீங்களா? தண்ணி கிண்ணி குடிச்சீங்களா?

எங்க போறீங்க? அங்க எதுக்குப் போறீங்க? அது மோட்டார் கொட்டாயி. தம்பி, சுவிச்சுல கைய வைக்காதீங்க. வைக்காதீங்கங்குறேன்! செத்துடும் செத்துடும்னா? எம் மீனு, எனக்குத் தெரியாதா? பசிச்சு நிக்கிதுங்க, நான் தீனி போடணும், நீங்க நவுறுங்க. இப்படித்தான் அவனும். காப்பாத்துறேன்னுதான் எறங்குனான் அவனும்.

வெளிய வாங்க. வாங்கங்குறேன். உங்களுக்குக் குட்டையும் வேணாம் ஒண்ணும் வேணாம், ஊரப் பாத்துப் போயிச் சேருங்க. அழுவுறீங்களா? எதுக்கு அழுவுறீங்க, எம் மீனுக்கு?

நில்லுங்க. அப்படியே போனா எப்படி? அந்தப் பையத் தொறந்து காட்டிட்டுப் போங்க.